தளபதி குடித்த இளநீர்

போன வாரம் டெல்லியிலிருந்து ஒரு போன். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பையன். "அண்ணே, நம்ம பையை எடுத்துட்டாங்கண்ணே" என்றான். கடற்படைத் தலைமைத் தளபதியின் பின்னாலேயே சாட்டிலைட் போன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய இனி ஒரு மாலுமி வேண்டாமாம். புதுக் கருவி சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறதாம். தளபதியின் உதவி அதிகாரியே அதை வைத்துக்கொள்வாராம். "பழைய ஆளுங்க எல்லாரும் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே, சேத்து வைக்கலாம்" என்று கேட்டான். துக்கம் விசாரிக்கிற குரல். எனக்கு ஒரு துக்கமும் வரவில்லை. அந்தப் பை என் இடது தோளைச் சாய்த்துவிட்டது. இன்றைக்கும் சட்டை ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கும். "ரொம்ப நல்லதுப்பா" என்றேன். அவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும். சரி, கேட்டுவிட்டான், எழுதுகிறேன்.

நான் கொரடாச்சேரிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பிளஸ் டூ முடித்து, நாகப்பட்டினத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நடவு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் வரிசையில் நின்றேன். அதற்குமுன் கடலை வேளாங்கண்ணியில் முட்டிவரை பார்த்ததோடு சரி. பயிற்சியில் முதலில் நீச்சலும் அப்புறம் இந்தியும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டிலும் மூழ்கித்தான் எழுந்தேன். தகவல் தொடர்புப் பிரிவில் போட்டார்கள். கொடி, விளக்கு, ரேடியோ என்று கப்பல் கப்பலாகச் சுற்றி, தலை நரைக்கத் தொடங்கியபோது தலைமையகத்துக்கு மாற்றினார்கள். அங்கே போன பிறகுதான் பை வந்தது.

ஊர் டீக்கடையில் இன்றும் கேட்பார்கள்: "ஒங்க தளபதி கப்பல்ல எந்த எடத்துல நிப்பாரு?" அவர் கப்பலில் நிற்கவே மாட்டார். அத்தனை கப்பலுக்கும் அவர்தான் தலைவர், ஆனால் ஒரு கப்பலைக்கூட அவர் ஓட்டுவதில்லை. டெல்லியில், கடல்வாடையே வராத ஓர் அறையில், கோப்புகளோடும் மந்திரிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவர் வேலையில் விடவே முடியாத ஒன்று உண்டென்றால், அது எந்த நேரமும் கூப்பிட்டால் கிடைக்கிற இடத்தில் இருப்பது. எங்கோ ஒரு கடலில் ஏதோ ஒன்று நடந்தால், "என்ன செய்யலாம்?" என்ற கேள்வி கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும். அந்தக் கேள்வி வந்து சேருகிற வழிதான் என் தோளில் தொங்கியது. அவர் கல்யாணத்துக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் நான் வாசலில் நிற்பேன்.

மூன்று தளபதிகளுக்குப் பை தூக்கினேன். முதலாமவர் கோபக்காரர், மூன்றாமவர் பெரிய பேச்சாளர். நான் சொல்லப்போவது நடுவில் இருந்தவரைப் பற்றி. சிறிய உருவம், மெல்லிய குரல். வடக்கே மலைப்பக்கத்துக்காரர். ஒரு செய்தியைக் கொண்டுபோனால் அதை வாங்குகிற முறையே தனி. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குள் நமக்கு மூச்சு ஒழுங்காகிவிடும். படித்து முடித்து நம்மைப் பார்த்து, "இதை அனுப்பினவர் கண்ணால பாத்தாரா, யாராவது சொல்லிக் கேட்டாரா?" என்பார். தெரியாது என்று சொல்லலாம், திட்ட மாட்டார். தெரிந்த மாதிரி சொன்னால்தான் வம்பு.

அவர் உத்தரவு கொடுக்கிற முறையும் அப்படித்தான். போனில் சொல்லி முடித்ததும் எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எல்லாப் படையிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இவர் சொன்ன வார்த்தைகளையே திருப்பிச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பார். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் போனில் திணறுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

இனி புயலுக்கு வருகிறேன். நம் கடற்கரையை ஒரு புயல் புரட்டிப்போட்டது. வேதாரண்யம் பக்கம் தென்னை, வாழை, மின்கம்பம் எதுவும் நிற்கவில்லை. நிவாரணப் பொருளோடு கப்பல்கள் வந்து கடலில் நின்றன. அவற்றின் ஹெலிகாப்டர்கள் மூட்டை மூட்டையாகச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தன. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தளபதி வந்தார். தமிழ் தெரிந்தவன் என்பதால் அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை, பை ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று.

காலையில் கப்பலிலிருந்து ஒரு சின்ன ஹெலிகாப்டரில் கிளம்பினோம். விமானி, தளபதி, அவருடைய உதவி அதிகாரி, நான், அவ்வளவுதான் கொள்ளும். உதவி அதிகாரி என்பவர் தளபதியின் பயணத் திட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான இளம் அதிகாரி. கெட்டிக்காரர், கொஞ்சம் விறைப்பு. உப்பளங்களுக்கு நடுவே தண்ணீர் சூழ்ந்து தீவாகிவிட்ட ஒரு குக்கிராமத்தில் இறங்குவதாகத் திட்டம்.

மேலிருந்து பார்த்ததும் விமானி தலையில் கை வைக்காத குறை. தளபதி வருகிறார் என்று முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தார்கள். சொல்லியனுப்பினால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா. புயலில் சாய்ந்த வாழை மரங்களைத் தாரோடு கட்டி, இறங்க வேண்டிய இடத்திலேயே வாசல் வைத்திருந்தார்கள். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், சேலையை விரித்த நடைபாதை. வீட்டுக் கூரை போன ஊரில் இருந்த ஒரே நல்ல தார்ப்பாயைத் தளபதி தலைக்கு மேல் கட்டியிருந்தார்கள். ஹெலிகாப்டர் தாழ்ந்தால் அந்தக் காற்றில் தார்ப்பாய் பறந்துவந்து இறக்கையில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் நாங்கள் இறங்க வேண்டியதில்லை, விழுந்துவிடுவோம்.

கதவருகே உட்கார்ந்து நான் கையை வீசி வீசிக் காட்டினேன், எல்லாவற்றையும் பிரியுங்கள் என்று. அவர்களும் சந்தோஷமாகக் கையை வீசினார்கள். நான் இன்னும் வேகமாக வீசினேன். கீழே நாதஸ்வரம் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் கேட்கவில்லை, கன்னம் உப்பியது தெரிந்தது. கடைசியில் விமானி எட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தள்ளி இருந்த மேட்டில் இறக்கினார். உப்பு ஏற்ற லாரி வந்து நிற்கிற கெட்டியான மேடு. அந்த எட்டத்துக் காற்றுக்கே வாழைமர வாசல் சாய்ந்து போனது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊராட்சித் தலைவர் மாரிமுத்து சேற்றில் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் புதுத் துண்டு, கையில் சீவிய இளநீர். "வாங்கய்யா, வாங்க. மொதல்ல இதைக் குடிங்க." உதவி அதிகாரி குறுக்கே கையை நீட்டிவிட்டார். வெளியிடத்தில் தளபதி எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. சோதித்துக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் அவரிடம் இருந்தது. அது விதி. அவர் பக்கம் தவறொன்றும் இல்லை.

தளபதி என்னிடம் கேட்டார், நான் தலைவரிடம் கேட்டேன்: "சாப்பாடு மூட்டை வந்துச்சாங்க?" வந்துச்சு. "குடிதண்ணி?" இருக்கு. "ஒடம்புக்கு முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். ஐயா எளநி குடிக்கட்டுங்க."

அதே பதிலை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உதவி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலு ஊர் போக வேண்டும். தளபதி கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன். கூட்டத்தில் ஒருவரும் தளபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் மாரிமுத்துவின் கையில் இருந்த இளநீர் மேலேயே இருந்தது. அவரும் அதைக் கீழே வைக்கவில்லை, நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவருக்குப் பின்னால் இடுப்புவரை சேலை நனைந்த ஒரு பெண்மணி, அழுது வீங்கிய கண்ணோடு நின்றிருந்தார்.

எனக்குச் சட்டென்று எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஒருமுறை லீவில் வந்து இறங்கினேன். எங்கப்பா கால் ஒடிந்து உள்ளறையில் கிடந்தார். அதை எப்போது சொன்னார்கள் தெரியுமா, நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு. வந்தவன் வாயில் ஒரு வாய் தண்ணீர் படுமுன் கெட்ட சேதியைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வாசலில் நின்ற தாயாதிகள் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. இங்கேயும் அதுதான் நடக்கிறது என்று பட்டது. இவர்கள் அவர் குடிக்கும்வரை சொல்ல மாட்டார்கள். அவரோ குடிக்கவே கூடாதவர். இன்னும் கொஞ்சத்தில் நாங்கள் மேலே ஏறிப் போயே போய்விடுவோம்.

எனக்குச் சம்பளம் பை தூக்கத்தான், தளபதிக்கு யோசனை சொல்ல அல்ல. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "சார், அந்த இளநீரைக் குடிச்சிடுங்க. குடிச்சாத்தான் விஷயத்தைச் சொல்லுவாங்க."

"என்ன விஷயம்?" என்றார்.

"தெரியாது சார். ஆனா ஏதோ இருக்கு."

உதவி அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் என் பென்ஷன் ஆடியது. தளபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, நேராகப் போய் மாரிமுத்துவின் கையிலிருந்து இளநீரை வாங்கி, அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய முழுவதையும் குடித்தார். ஓட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மாரிமுத்துவின் தோள் இறங்கியது. அதற்காகவே காத்திருந்த மாதிரி அவர் குரல் உடைந்தது. "ஐயா, ஒரு பொண்ணு பிரசவத்துக்குத் தவிக்குதுங்க. நேத்துலேருந்து வலி. ரோடும் இல்ல, படகும் போவல. நீங்கதான் ஏதாவது பண்ணணும்." பின்னால் நின்ற பெண்மணி முன்னால் வந்து கைகூப்பினார். அவர் ராசாத்தி. தவிப்பது அவருடைய மருமகள் பவானி. மகன் சிங்கப்பூரில். "போன் வேல செய்யலங்கய்யா. அவன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்."

தளபதி என்னிடம் சொன்னார்: "நீ போய்ப் பாத்துட்டு வா. கேட்டுட்டு வராதே, பாத்துட்டு வா." பையை உதவி அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, ராசாத்திக்குப் பின்னால் தொடையளவு தண்ணீரில் நடந்தேன். அத்தனை வருஷத்தில் பை என் தோளை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். பாதிக் கூரை போன வீட்டில் ஒரு பெஞ்சுமேல் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். இருபத்துச் சொச்சம் வயதிருக்கும். முகம் வெளுத்துப்போய், கத்தக்கூடத் தெம்பில்லை. பக்கத்தில் கிராமத்துச் செவிலியர் ஒருவர். புயலுக்கு முன்னால் தடுப்பூசி போட வந்து அங்கேயே மாட்டிக்கொண்டவர். "புள்ள குறுக்க கெடக்குதுங்க. கை வெளிய வந்துடிச்சு. ஆபரேஷன்தான், வேற வழி இல்ல. பொழுது சாயிற வரைக்கும் தாங்காது" என்றார். அந்தப் பிஞ்சுக் கையை நான் பார்த்தேன். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். திரும்பி ஓடும்போது தண்ணீரில் இரண்டு தடவை விழுந்தேன்.

"பாத்தேன் சார்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விமானியிடம் கேட்டார். திருவாரூரில் இறக்கலாம், அங்கே ஆபரேஷன் வசதி இருக்கிறது. ஆனால் பெண்ணைப் படுக்கவைத்து, செவிலியரும் ஏறினால் வேறு யாருக்கும் இடம் இல்லை. அங்கிருந்து கப்பலுக்குப் போய் எண்ணெய் நிரப்பித்தான் திரும்பிவர முடியும், சாயங்காலம் ஆகிவிடும். மற்ற ஹெலிகாப்டர்களை அழைத்தால்? அவை வடக்கே தூரத்தில் கூரைமேல் ஏறி நிற்கிறவர்களை இறக்கிக்கொண்டிருந்தன.

உதவி அதிகாரி அடக்கமாக, ஆனால் விடாமல் சொன்னார். "சார், நீங்க இங்க தங்க முடியாது. ரகசியச் செய்தி வாங்குற கருவி ஹெலிகாப்டர்லதான் இருக்கு. அது போயிட்டா உங்ககிட்ட இந்தச் சாதாரண போன் மட்டும்தான். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா நேவிக்குத் தலை இல்லாம போயிடும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ராசாத்திக்கு ஆங்கிலம் புரியவில்லை, ஆனால் யார் மறுக்கிறார்கள் என்று புரிந்தது. அவர் உதவி அதிகாரியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார், எந்த நிமிஷமும் விழுந்துவிடுகிறவர்போல.

"தலை இல்லாம போகாது" என்றார் தளபதி. என் பக்கம் திரும்பினார். "கண்ணையன், டெல்லிக்குப் போடு. துணைத் தளபதி."

உதவி அதிகாரியிடமிருந்து பையை வாங்கி, போனைப் போட்டேன். அவர் சேற்றுக் காலோடு அந்த மேட்டில் நின்று பேசியது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில்தான் பேசினார், நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். "என் ஹெலிகாப்டரை ஒரு நோயாளிக்குக் குடுத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு கிராமத்துல இருப்பேன். ரகசியச் செய்தி எதுவும் என்கிட்ட வராது. அதனால நான் திரும்பக் கூப்பிடுற வரைக்கும் நேவி உங்க பொறுப்பு. உங்க வார்த்தையில சொல்லுங்க." எதிர்முனையில் துணைத் தளபதியின் குரல்: "நீங்க நல்லா இருக்கீங்க. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை. இந்த நிமிஷத்துலேருந்து முடிவெல்லாம் நான் எடுக்கணும். உங்களைக் கேக்கக் கூடாது." தளபதி, "சரி" என்றார். போனை என்னிடம் நீட்டினார். ஒரு நாட்டின் கடற்படை இப்படிக் கைமாறும் என்று நான் நினைத்ததே இல்லை.

பவானியைப் பெஞ்சோடு தூக்கிவந்து ஏற்றினார்கள். தலைமாட்டைப் பிடித்துத் தூக்கியவர்களில் உதவி அதிகாரியும் ஒருவர். அவர் வெள்ளைச் சீருடை அதற்கப்புறம் வெள்ளையாகவே இல்லை. ஹெலிகாப்டர் கிளம்பியபோது சாமியானாவின் மிச்சமும் போய்ச்சேர்ந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சத்தம் அடங்கியதும் தளபதி சுற்றுமுற்றும் பார்த்தார். செய்வதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. அந்த மனிதரை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ஷூவைக் கழற்றினார். யாரோ கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தார், சாய்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். இலேசாகக் குறட்டைகூட. காரிலும் விமானத்திலும் அவர் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன், தூங்கிப் பார்த்ததில்லை. மூடிய கண்ணுக்குள்ளே எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இது நிஜமான தூக்கம். மாரிமுத்து நாய்களை விரட்ட ஓர் ஆளைப் போட்டார். பிறகு என் பக்கத்தில் குந்தி, மெதுவாகக் கேட்டார்: "இம்மாம் பெரிய ஆளு தூங்குறாரே, கடலை யாருங்க பாத்துக்குவா?"

"டெல்லியில ஒருத்தர் பாத்துக்கிறாருங்க. நீங்க கவலப்படாதீங்க."

ராசாத்தி தூங்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. மேட்டின் ஓரத்தில் வடக்கே பார்த்தபடி நின்றார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, அடிக்கக் கூடாது என்றும் இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தானே அந்த இளநீரைக் குடித்தார். நல்ல சேதி வராவிட்டால் அந்த அம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது, இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் போன் அடித்தது. கப்பலிலிருந்து. திருவாரூர் ஆஸ்பத்திரியிலிருந்து கப்பலுக்குச் சொல்லி, கப்பல் எங்களுக்குச் சொன்னது. ஆபரேஷன் முடிந்தது. தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, கையில் வீக்கம் இருக்கிறது, அழுகிறது. எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் எங்களை அழைத்துப்போகக் கிளம்பிவிட்டது. எந்தச் செய்தியானாலும் முதலில் தளபதிக்குத்தான் சொல்ல வேண்டும். கட்டிலருகே போய், "சார்" என்றேன். கண்ணைத் திறந்து முழுதும் கேட்டார். "இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றே? அவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

ஓடினேன். "அம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பேத்தி பொறந்திருக்கு." ராசாத்தி என் வாயையே பார்த்தார். "நெசமாவா தம்பி? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே, காலையிலிருந்து நின்ற கால் மடங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். உதவி அதிகாரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். வாழ்க்கையில் எத்தனையோ செய்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பாதி எனக்கே புரியாதவை. இந்த ஒன்றைக் கொடுத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

மறுபடி போன். இந்தத் தடவை டெல்லி, துணைத் தளபதியே பேசினார். ஹெலிகாப்டர் கிளம்பிய சேதி அவருக்கும் போயிருந்தது. தளபதி பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்கச் சொன்னார். அவர் குரலில், எப்போது இதை இறக்கி வைப்போம் என்ற அவசரம் தெரிந்தது. நான் கட்டிலருகே போய் விஷயத்தைச் சொன்னேன்.

தளபதி தெற்கே கடல் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கையை மடித்துத் தலைக்கு வைத்து, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அவரே வச்சிருக்கட்டும்" என்றார்.